பழைய கணிப்பொறி: மூடியைத் திறந்து பாருங்கள்!

மாணவர்களே! ஆலத்தூர் நாட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல்லில் பழைய விளையாட்டுக் கணிப்பொறி வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே விலையில் இரண்டு. ஒன்றில் 2017ஆம் ஆண்டின் இன்டெல் ஏழாம் தலைமுறைப் பிராசசர். மற்றதில் அதே ஆண்டின் ஏ.எம்.டி. ரைசன். ஓட்டிப் பார்த்தால் இன்டெல் சற்று வேகம். எதை எடுப்பீர்கள்?

மூடியைத் திறந்து, பிராசசர் அமரும் மதர்போர்டைப் பாருங்கள். இன்டெல் போர்டு ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடும். சாக்கெட்டின் பெயர் ஒன்றே ஆனாலும், எட்டாம் தலைமுறைக்கு வேறு போர்டு வேண்டும் என்று இன்டெல் விதித்துவிட்டது. ரைசனின் ஏ.எம்.4 சாக்கெட்டிலோ, போர்டைத் தயாரித்தவர் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால், 2022இல் வந்த பிராசசரையும் பொருத்தலாம்.

பவர் சப்ளையின் வாட் அளவையும் படியுங்கள். 300 வாட் பெட்டியோடு பின்னாளில் 200 வாட் கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்தால், மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 100 வாட்தான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கணிப்பொறி அணைந்துபோகும். நினைவகம் குறைவா? கவலை வேண்டாம், காலி இடம் இருந்தால் பிறகு செருகிக்கொள்ளலாம்.