சிரட்டைக் காயமும் ரத்தத்தில் கிருமியும்

போன தைப்பூசத்தில், வெள்ளி ரதத்துக்கு முன் உடைத்த தேங்காயின் சிரட்டை அப்பாவின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. நாலாம் நாள் குளிர்காய்ச்சல். ரத்தத்தில் கிருமி என்று வார்டில் சேர்த்தார்கள். அவருக்கு இனிப்புநீர் உண்டு. இந்த ஆண்டும் தண்ணீர்மலைக்கு நடந்தே போவேன் என்கிறார். விடலாமா?
– வாசகி, லிட்டில் இந்தியா, பினாங்கு

தாராளமாகப் போகட்டும், வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். படியடி வரை செருப்பு போட்டு வந்தால் முருகன் கோபிக்கமாட்டார். இனிப்புநீர்க்காரர் பலருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். கிழித்ததே வீட்டுக்கு வந்து ரத்தக் கறையைப் பார்த்தால்தான் தெரியும். நம் ஈரமண்ணில், காயம் வழியே உடம்புக்குள் புகும் மெலியாய்டோசிஸ் நோய்க் கிருமியும் உண்டு. 1912-ல் ரங்கூனிலிருந்து மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும் எழுதிவைத்த அதே கிருமிதான். இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

கீறினால் உடனே குழாயடியில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எல்லாம் அடுப்படியிலேயே இருக்கட்டும். அன்றே கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். நடுக்கக் காய்ச்சல், வேக மூச்சு, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே ‘காலில் காயம், இனிப்புநீர்’ இரண்டையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.