‘எங்க கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி’: இந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு?

ஊருக்கே பேர் தெரிஞ்ச பிராண்டுல ஆஃபர் வந்தா, சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் "கல்ச்சர் நல்லா இருக்குமாம்"னு சேர்ந்துடுறோம். அந்த கல்ச்சரை ரூபாய் கணக்குல எப்படிப் பார்க்கறது? ஸ்டார்பக்ஸை உதாரணமா எடுத்துக்குவோம்.

காகிதத்தில் வந்த அக்கறை

ஸ்டார்பக்ஸை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸின் அப்பா ஒரு டெலிவரி டிரைவர். வேலையில் கால் அடிபட்டபோது சம்பளமும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. ஷுல்ட்ஸ் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கார். 1988-ல் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் பகுதிநேர ஊழியருக்கும் காப்பீடு கொடுத்தார். 1991-ல் ‘பீன் ஸ்டாக்’ என்ற பங்குத் திட்டம் வந்தது. காபி போடுறவருக்கும் அதில் இடம் உண்டு. ஊழியர்களை ‘பார்ட்னர்’னு கூப்பிட ஆரம்பிச்சதும் அப்போதான்.

இங்கே கவனிங்க: பார்ட்னர் என்பது வெறும் பேரா இல்லை. பின்னாடி காப்பீடும் பங்கும் இருந்துச்சு.

எழுதாமல் விட்டது

2021 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஒரு ஸ்டார்பக்ஸ் கடை ஊழியர்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் நூற்றுக்கணக்கான கடைகள் அதே வழியில் போச்சு. ஆள் பற்றாக்குறை, ஷிஃப்ட் நேரம், சம்பளம்: இதெல்லாம்தான் அவங்க பிரச்சினை. பஃபலோவில் அந்த முதல் ஓட்டு நடந்தப்போ ஷுல்ட்ஸ் சிஇஓ பதவியில் இல்லை. காப்பீடும் பங்கும் அப்பவும் இருந்தது. ஆனா ஷிஃப்ட்டில் நமக்கும் ஒரு பேச்சு இருக்கணும்கறது எங்கேயும் எழுதப்படலை. அதை ஒப்பந்தமா எழுதி வாங்கத்தான் யூனியன் கேட்டாங்க.

பாஸ் இன்னைக்கு இருப்பார், நாளைக்கு மாறுவார். எழுத்தில் இருக்கறதுதான் உங்க கையில் நிக்கும்.

உங்க ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியவை

1. காப்பீடு: பெற்றோருக்கும் உண்டா? கம்பெனி பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிஞ்சிடும். அதனால் சொந்தமா ஒரு பாலிசி கட்டாயம் வேணும்.

2. இசாப்: கொடுத்த நாளிலிருந்து பங்கு உரிமை கைக்கு வர, கம்பெனிச் சட்ட விதிப்படி குறைந்தது 1 வருஷம் ஆகணும். ராஜினாமா செய்யும்போது வெஸ்ட் ஆகாதது காலாவதி ஆயிடும். சிடிசி-யில் அந்தத் தொகையைப் பார்த்துட்டு அதை நம்பி இஎம்ஐ போடாதீங்க.

3. கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியருக்குப் பொதுவா 5 வருஷ சேவை வேணும். கணக்கிடும் மாதச் சம்பளம் 30,000 ரூபாய்னா, 30,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 86,538 ரூபாய். பாஸ் மேல கோபத்துல பேப்பர் போடறதுக்கு முன்னாடி, தேதியை ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

4. நோட்டீஸ் பீரியட்: 90 நாளா, 30 நாளா? மோசமான மேனேஜர்கிட்ட மாட்டினா, வெளியே வர எவ்வளவு செலவாகும்னு இந்த ஒரு வரிதான் சொல்லும்.

கூடவே, 6 மாச வீட்டுச் செலவு தனியா இருந்தா, உடம்பைக் கெடுக்கிற வேலையில் மாட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. கிராஜுவிட்டிக்கு இன்னும் 2 வருஷம் இருக்குன்னா, அதுக்காக மட்டும் காத்திருக்கறதும் நஷ்டம்தான்.

இன்னைக்கு ராத்திரி உங்க ஆஃபர் லெட்டரைத் திறந்து இந்த 4 வரியையும் தேடுங்க. எது இல்லையோ, அதை ஹெச்ஆர்கிட்ட மெயிலில் கேளுங்க. பதிலும் மெயிலிலேயே வரட்டும்.