மாற்று வழி அறிவோம்

2022 நவம்பர் 9ஆம் நாள், கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரையிலான 16 எல்.ஆர்.டி. நிலையங்கள் மூடப்பட்டன. இரயில்களைக் கட்டுப்படுத்தும் தானியங்கி முறையில் ஏற்பட்ட கோளாறே இதற்குக் காரணம்.

காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி.யில் வந்து, பாசார் செனியில் எல்.ஆர்.டி.க்கு மாறுவோரும் பாதிக்கப்பட்டனர். வேலைக்குத் தாமதமானால் நாட்கூலி பெறுவோரின் வருமானம் குறையும்; மாணவர் தேர்வைத் தவறவிட நேரும். இலவசப் பேருந்துகள் விடப்பட்டாலும், நெரிசல் வேளையில் சாலைப் பயணம் நீளும்.

எனினும், மாற்று வழி அறிந்தோர் கலங்குவதில்லை. கே.எல்.சி.சி. செல்வோர் எம்.ஆர்.டி.யிலேயே புக்கிட் பிந்தாங் சென்று, அங்கிருந்து நடைபாலத்தின் வழியே நடக்கலாம். கே.எல். சென்ட்ரலுக்குக் காஜாங்கிலிருந்தே கொமுட்டர் இரயில் உண்டு.

நாள்தோறும் செல்லும் இடத்திற்கு இரண்டு வழிகளையாவது அறிந்து வைத்திருத்தல் நன்று. நீங்கள் பள்ளிக்குச் செல்லும் இரண்டாவது வழி எது?