எந்த வயதில் வீட்டை விட்டுப் போகிறார்கள்?

"வெள்ளைக்காரன் பதினெட்டு வயசானா பிள்ளையை வெளியே அனுப்பிடுவான். அங்கே பாசமே கிடையாது." மாணவ நண்பர்களே, இந்தப் பேச்சை டீக்கடையிலும் கேட்டிருப்போம், பட்டிமன்ற மேடையிலும் கேட்டிருப்போம். உடனே கைதட்டல் விழும். ஆனால் நாம் ஒர்க்‌ஷாப்பில் எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் குறித்து வைக்கிறோம். இதையும் கொஞ்சம் அளந்து பார்ப்போமே!

அளவு சொல்வது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் பெயர் யூரோஸ்டாட். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் பெற்றோருடன் வசிக்கிறார்கள் என்று அது பார்க்கிறது. எந்த வயதில் பாதிப் பேர் வீட்டை விட்டுப் போயிருக்கிறார்களோ, அதுதான் அந்த நாட்டின் சராசரி வயது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கு இது:

பின்லாந்து: 21.3
சுவீடன்: 21.4
டென்மார்க்: 21.7
இத்தாலி: 30.0
ஸ்பெயின்: 30.3
கிரீஸ்: 30.7
குரோஷியா: 33.4
ஒன்றியம் முழுவதும்: 26.4

இந்தப் பட்டியலில் 18 எங்கேயும் இல்லை. பின்லாந்துக்கும் குரோஷியாவுக்கும் நடுவில் 12 வருஷ வித்தியாசம். இரண்டுமே வெள்ளைக்காரர் நாடுதான். அப்படியானால் பின்லாந்து அம்மாவை விட குரோஷியா அம்மாவுக்குப் பாசம் அதிகமா? காரணத்தை வேறு இடத்தில்தான் தேடவேண்டும்.

காரணம் 1: படிக்கும்போது கையில் காசு

பின்லாந்தில் கல்லூரிப் படிப்பு அந்நாட்டு மாணவர்களுக்கு இலவசம். அதோடு கேலா என்ற அரசு நிறுவனம் மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. 18 வயது முடிந்து தனியாக வசிப்பவருக்கு அதைக் கொடுக்கும்போது அப்பா, அம்மா வருமானத்தைப் பார்ப்பதில்லை. அப்பா கூலி வேலை செய்தாலும் பிள்ளை தனி அறை எடுக்கலாம். மாணவர்களுக்கு வாடகை வீடு கொடுப்பதற்கென்றே ஹெல்சிங்கியில் 1969-லிருந்து ஒரு அறக்கட்டளை நடக்கிறது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் இதேபோல் மாணவர் உதவித்தொகை உண்டு. அங்கே பிள்ளையை யாரும் தள்ளிவிடுவதில்லை. போவதற்கு வழி இருக்குது, போறாங்க.

காரணம் 2: வாடகை வீடு

குரோஷியாவில் பத்தில் ஒன்பது பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யூகோஸ்லாவியா காலத்துப் பொதுக் குடியிருப்புகளை 1990-களில் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டார்கள். வாடகைக்குக் கிடைக்கும் வீடு குறைந்துபோனது. கடற்கரை ஊர்களில் இருப்பதும் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடுகிறது. புதிதாகச் சம்பளம் வாங்குகிற பையன் எங்கே போவான்?

காரணம் 3: வேலை

2013-ல் ஸ்பெயினில் 25 வயதுக்குள் இருந்தவர்களில், வேலை செய்தவர், தேடியவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வேலை இல்லாதவர்கள். சம்பளம் இல்லாமல் யார் அட்வான்ஸ் கட்ட முடியும்?

2007-ல் இத்தாலியின் நிதியமைச்சர் பதோவா-ஸ்கியோப்பா, இளைஞர்களின் வாடகைக்கு வரிச்சலுகை பற்றிப் பேசும்போது, வீட்டிலேயே இருப்பவர்களை "பம்போச்சோனி" என்றார். வளர்ந்த குழந்தைகள் என்று அர்த்தம். நாடெங்கும் கோபம் கிளம்பியது. நிரந்தர வேலையும் கட்டுப்படியாகும் வாடகையும் கிடைக்காதவனைக் குழந்தை என்று சொன்னால் கோபம் வராதா?

காரணம் 4: பழைய வழக்கம்

வழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்து போன்ற வடமேற்கு நாடுகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிராமத்துப் பிள்ளைகள் பதின்ம வயதில் வேறொருவர் பண்ணையில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போய் அங்கேயே தங்குவார்கள். கல்யாணம் ஆகும் வரை இப்படி ஓடும். தெற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் கல்யாணம்தான் வீட்டைப் பிரியும் நேரம். பெண்கள் தங்களைவிட மூத்தவரோடு சேர்ந்து வாழப் போவதால், ஆண்களுக்கு முன்பே வீட்டை விட்டுப் போகிறார்கள்.

ஆனால் வழக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு அமெரிக்கா சாட்சி. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பெற்றோருடன் இருந்தவர்கள் 1960-ல் 29 சதவீதம். 2020 பிப்ரவரியில் 47. கொரோனா வந்து கல்லூரியும் கடையும் மூடிய பிறகு, அதே ஜூலையில் 52. ஐந்து மாதத்தில் ஒரு நாட்டின் பாசம் கூடிவிடுமா? வருமானம் நின்றது, வீடு திரும்பினார்கள்.

நமக்கு இதில் என்ன?

நம்மில் பலர் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, 15, 16 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தவர்கள். பின்லாந்துப் பிள்ளைக்கும் முன்னாடியே வீட்டை விட்டு வந்துவிட்டோம்! எங்கள் வீட்டில் படிப்புக்காக ஊரைத் தாண்டியது நான்தான் முதல். மெஸ் பில் மட்டும் ஊரிலிருந்துதான் வரணும். நமக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்த நியாயத்தை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டாமா?

டிப்ளமோ முடிந்ததும் சிலர் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுப்பார்கள். சிலர் வீட்டிலிருந்தே வேலை தேடுவார்கள். போனவனை நன்றி இல்லாதவன் என்றும், இருப்பவனைத் தண்டச்சோறு என்றும் பேசுவது சுலபம். அதற்கு முன்னால் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். சகோதரிகளே, கல்யாணத்துக்கு மட்டுமல்ல, வேலைக்காகவும் நீங்கள் வெளியூர் போகலாம். வீட்டில் பேசும்போது அந்தத் தாளையும் எடுத்துக் காட்டுங்கள். அப்பா, அம்மாவுக்கும் கணக்கு புரியும்.