மாம்பழத்தைக் கைப்பேசி வழியே நேரில் விற்றல்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஜில்லாக்களில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடியானவர்கள் தங்கள் மகசூலை நெடுங்காலமாக இரண்டு விதங்களில் விற்று வந்திருக்கிறார்கள். பூத்த பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்காரருக்குப் பேசி விட்டுவிடுவது ஒன்று. பறித்த காயை மண்டிக்கு அனுப்பி, தரகு போக எஞ்சியதைப் பெற்றுக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டிலும் பழத்தை உண்பவர் யார் என்பது விளைவித்தவருக்குத் தெரியாது. எந்தத் தோப்பின் பழம் என்பது உண்பவருக்கும் தெரியாது. 1999 ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆயினும் அது பக்கத்து ஊராருக்கே பயன்படும். கைப்பேசியும், 2016 ஆம் ஆண்டில் வந்த யூ.பி.ஐ. பணப்பட்டுவாடா முறையும் சேர்ந்து, தூரத்து நகரத்தில் வசிப்பவருக்கும் தோப்பிலிருந்து நேரே விற்பதைச் சாத்தியமாக்கியுள்ளன. வாட்ஸ்ஆப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய சமூக ஊடகங்கள் இவ்வியாபாரத்தில் எவ்வளவு தூரம் உதவும், எங்கே நஷ்டத்தை விளைவிக்கும் என்பது இங்கே விவரிக்கப்படுகிறது.

எந்தப் பழத்திற்கு ஏற்றது

பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் காய் பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளுக்குப் போவது. 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் அதன் விலை மிகவும் சரிந்து விவசாயிகள் துன்புற்றதை யாவரும் அறிவர். அத்தகைய சரிவுக்குக் கைப்பேசி விளம்பரம் பரிகாரம் என்று எண்ணுவது வீண். டன் கணக்கில் விளைவதை, 3 கிலோவும் 5 கிலோவுமாக வாங்கும் குடும்பங்களுக்கு விற்றுத் தீர்க்க இயலாது. அவர்கள் விரும்புவதும் அக்காயை அன்று. செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா ஆகிய உண்ணும் ரகங்களே இம்முறைக்கு உகந்தவை. இமாம் பசந்துக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் தோல் மெல்லியதாகையால் நெடுந்தூரம் அனுப்புவது அபாயம். எந்த ரகமாயினும், முதல் வருஷத்தில் மகசூலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வழியில் இறக்காமல், மற்றதை வழக்கமான மண்டியில் விற்பதே உசிதம். மண்டிக்காரருடன் உள்ள உறவை ஒரே பருவத்தில் முறித்துக்கொண்டவர், மழையில் காய் கொட்டும் நாளில் அவரிடமே போய் நிற்க நேரிடும்.

கணக்கு

விளம்பரத்தில் இறங்குமுன் கணக்கை எழுதிப் பார்ப்பது அவசியம். அநேகர் மண்டி விலையையும் தாங்கள் பெட்டிக்கு வாங்கும் விலையையும் ஒப்பிட்டு, இடையில் உள்ளது அத்தனையும் லாபம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியன்று. பின்வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கே தரப்பட்டுள்ளன. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

கிலோ 120 ரூபாய் வீதம் 5 கிலோப் பெட்டி ஒன்று 600 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். அட்டைப் பெட்டிக்கும் காகிதத்திற்கும் 45 ரூபாய், லாரி அல்லது கூரியர் கூலி 110 ரூபாய், தரம் பிரித்து அடுக்கும் ஆள் கூலி 20 ரூபாய், அழுகிப்போனதாக வரும் புகார்களுக்குத் திருப்பித் தருவது சராசரி 60 ரூபாய் ஆகும். இவை போக மிஞ்சுவது 365 ரூபாய், அதாவது கிலோவுக்கு 73 ரூபாய். மண்டியிலோ கிலோ 50 ரூபாய்க்குப் போய், தரகு 5 ரூபாயும் வண்டி வாடகை 3 ரூபாயும் கழிந்து 42 ரூபாய் கைக்கு வருகிறது. வித்தியாசம் 31 ரூபாய் என்று தோன்றும்.

ஆனால் மண்டியில் பெரிதும் சிறிதும் கலந்து விற்கும். பெட்டிக்கோ வடுவில்லாத, ஒரே அளவான காய் வேண்டும். 100 கிலோ பறித்தால் அதில் 60 கிலோ பெட்டிக்குத் தேறலாம். கழிந்த 40 கிலோ, நல்ல காய் நீங்கியதால், மண்டியில் 25 ரூபாய்க்குத்தான் போகும். ஆகவே 60 கிலோவுக்கு 4,380 ரூபாயும் 40 கிலோவுக்கு 1,000 ரூபாயும் சேர்ந்து 5,380 ரூபாய். அத்தனையையும் மண்டியில் போட்டிருந்தால் 4,200 ரூபாய் வந்திருக்கும். மெய்யான ஆதாயம் 100 கிலோவுக்கு 1,180 ரூபாய், கிலோவுக்கு 12 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அழுகல் இரட்டித்துப் பெட்டிக்கு 120 ரூபாயானால் இந்த ஆதாயம் 460 ரூபாயாகச் சுருங்கும். அதற்கு மேல் பேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் செய்து, அச்செலவு 100 கிலோவுக்கு 500 ரூபாயானால், உழைப்பெல்லாம் போய் நஷ்டமே மிஞ்சும். ஆகையால் கட்டண விளம்பரத்தைக் காட்டிலும், அழுகலைக் குறைப்பதிலும், ஒரு முறை வாங்கியவரையே மறுமுறை வாங்கச் செய்வதிலும்தான் லாபம் அடங்கியிருக்கிறது. பழைய வாடிக்கைக்காரருக்குச் செய்தி அனுப்பச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வாட்ஸ்ஆப்பை உபயோகிக்கும் முறை

வியாபாரிகளுக்கென்று 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். இதற்குத் தனி எண் வைத்துக்கொள்வது நலம். வீட்டார் பேச்சும் வியாபாரமும் கலந்தால் ஆர்டர் தவறிப்போகும். தோப்பின் பெயர், ஊர், விற்கும் ரகங்கள், அவற்றின் விலை ஆகியவற்றை அதில் பட்டியலாகப் பதிந்து வைத்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதும் சிரமம் குறையும். கூகுள் வரைபடத்திலும் தோப்பைக் குறித்து வைக்க வேண்டும். நேரில் வந்து வாங்குவோருக்குப் பெட்டிச் செலவும் இல்லை, கூரியர் செலவும் இல்லை.

பலர் முதலில் செய்யும் காரியம், தெரிந்த எண்களையெல்லாம் சேர்த்து ஒரு குழு தொடங்குவதே. இது அத்தனை சிலாக்கியமன்று. குழுவில் ஒருவர் எண் மற்றவர்க்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. காலை வணக்கச் செய்திகள் குவிந்து, பழத்தைப் பற்றிய செய்தி அடியில் போய்விடுகிறது. ஒருவருக்குச் சென்ற ஓர் அழுகிய பழத்தின் படத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். இதைவிட ‘பிராட்காஸ்ட்’ என்னும் ஒலிபரப்புப் பட்டியல் மேல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம்போல் போய்ச் சேரும். ஆனால் விற்பவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அது சென்றடையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதலால் பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டில் எண்ணை அச்சிட்டு, அதைப் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். கேளாதவர்களுக்குச் செய்தி அனுப்புவது கூடாது. பலர் புகார் செய்தால் எண்ணே முடக்கப்படலாம்.

செய்தியும் படமும்

பருவம் வந்த பிறகு விலையை மட்டும் அறிவிப்பது போதாது. தையில் மரம் பூத்திருக்கும் படம், காய் கோலியளவு திரண்டபோது ஒன்று, முதல் பறிப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒன்று என நாலைந்து செய்திகள் முன்னதாகச் சென்றால், வாங்குபவர் அந்த மரத்தைத் தமக்குத் தெரிந்த மரமாகக் கருதத் தொடங்குவார். நாள்தோறும் அனுப்பினால் சலிப்புத் தட்டும். படம் காலை வெயிலில், சொந்தத் தோப்பில், சொந்தப் பழத்தை எடுத்ததாக இருத்தல் வேண்டும். அளவு விளங்கும்படி பழத்தைக் கையில் வைத்துப் பிடிக்கலாம். பிறருடைய அழகான படத்தை எடுத்துப் போடுவது, பெட்டியைத் திறந்த மறுகணம் வெளிப்பட்டுவிடும்.

இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஒரு சிறு காட்சி லட்சம் பேரைக்கூட எட்டக்கூடும். எட்டினால் சந்தோஷமே. ஆனால் சேலம், ஈரோடு, கோயமுத்தூர் என்னும் மூன்று நகரங்களுக்கு மட்டும் பெட்டி அனுப்பக்கூடியவருக்கு டில்லியில் உள்ளவர் பார்த்ததால் ஒரு காயும் விற்காது. எத்தனை பேர் விரும்பியதாகக் குறியிட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் விலை கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள் என்பதையே குறித்து வர வேண்டும்.

சொல்லத் தகாதவை

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை உபயோகிக்க அநுமதி உண்டு. எத்திலீன் அறையில் பழுக்கவைத்த பழத்தை வைக்கோலில் பழுத்தது என்று எழுதுவது பொய்யாகும். எழுதத்தான் வேண்டுமா? உள்ளபடி எழுதினாலே வாங்குவோர் உண்டு. இயற்கை விளைபொருள் என்ற சொல்லுக்கு 2017 ஆம் ஆண்டின் விதிகள் சான்றிதழைக் கோருகின்றன. நேரே உண்பவருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை இருப்பினும், மருந்து தெளித்த தோப்புக்கு அச்சொல் பொருந்தாது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்பது போன்ற கூற்றுகளை அறவே விட வேண்டும். யூடியூபில் பெயர் பெற்ற ஒருவருக்குப் பணமோ இலவசப் பெட்டியோ கொடுத்துப் புகழச் செய்தால், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டுமென 2023 ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. ஊறுகாய், ஜாம் முதலியன செய்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, 14 இலக்க எண்ணைச் சீட்டில் அச்சிடுதல் வேண்டும்.

பறிப்பும் பணமும்

ஆர்டர் சேர்ந்த பின்னரே அந்த அளவுக்குப் பறிப்பது நல்லது. உதாரணமாக, புதன் மாலை வரை வந்தவற்றை எண்ணி, வியாழன் காலை பறித்து, அன்றே அனுப்பினால் சனிக்கிழமைக்குள் வீடு சேரும். முற்றாத காயை அவசரப்பட்டு அனுப்பினால் அது சுருங்கிப் புளிக்கும். எவ்வளவு அழகிய படமும் அதை ஈடு செய்யாது. காம்பின் இருபுறமும் தோள் எழும்பி, தண்ணீரில் இட்டால் அமிழும் காயே முற்றியது. சிறிது காம்பு விட்டுப் பறித்து, பால் வடியக் கவிழ்த்து வைத்த பிறகே அடுக்க வேண்டும். பால் பட்ட இடம் கருத்து அழுகலுக்கு வழி செய்யும். எத்தனை நாளில் பழுக்கும், எப்படி வைக்க வேண்டும் என்பதை மேற்கூறிய சீட்டிலேயே எழுதிவிட்டால் புகார்களில் கணிசமானவை எழாமலே போகும்.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. மொத்தமாக 50 பெட்டி வேண்டுமென்று சொல்லி, பணம் அனுப்புவதாக ஒரு கியூ.ஆர். குறியை அனுப்பி, அதைப் படம் பிடித்து இரகசிய எண்ணை இடச் சொல்வோர் இருக்கிறார்கள். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் இடத் தேவையே இல்லை. இட்டால் பணம் போகுமேயன்றி வராது. பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பியும் பெட்டியை அனுப்பலாகாது. பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதைக் கண்ட பின்பே வண்டியில் ஏற்ற வேண்டும்.

கைக்குறிப்புப் புத்தகம்

2020 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் தேதி மத்திய சர்க்கார் டிக்டாக் செயலியைத் தடை செய்தபோது, அதில் பல்லாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தார்கள். 2021 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் தேதி பேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்தாற்போல் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. அது மாம்பழப் பருவமாக இருந்து, அன்று பறித்த காய் களத்தில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். இவ்வூடகங்கள் பிறர் நிலத்தில் போட்ட சாகுபடி போன்றவை. ஆகையால் ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் பெயர், எண், ஊர், வாங்கிய ரகம், பெட்டிகள், தேதி, சொன்ன குறை ஆகியவற்றை ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வருவது முக்கியம். குறை சொன்னவர் பெயருக்கு எதிரில் சிவப்பு மையால் குறியிட்டு, அடுத்த பருவத்தின் முதல் பறிப்பின்போது அவர்களுக்கு முதலில் நேரே போன் செய்து பேச வேண்டும். இரண்டு பருவங்களாக வாங்காதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதியவர் ஒருவரைச் சேர்க்கலாம்.