கெட்ட டிஸ்க்கில் எழுதாதீங்க, படிச்சு எடுங்க!

கோடை மழை இடியோடு வந்து கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில், நம்ம சேலம் நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் ஹார்டு டிஸ்க் திறக்காமல் நிற்கும். பண்ணையின் முட்டைக் கணக்கு, ரிக் வண்டியின் வரவு செலவு, இளம்பிள்ளைத் தறிக்கான சேலை டிசைன், கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கும். பதற வேண்டாம். பல சமயம் பைல்கள் அப்படியே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற விவரம்தான் கலைந்திருக்கும். மேற்கொண்டு ஒரு எழுத்தும் எழுதாமல், படிக்க மட்டும் திறந்தால் காசு செலவில்லாமல் நிறைய மீட்கலாம். லினக்ஸ் கொஞ்சம் பழகினவங்க வீட்டுக்கு ஆகிற குறிப்புகள் இவை.

1. பென்டிரைவைச் செருகியதும் "பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுத்துக் கழற்றி வைத்துவிடுங்க. அவசரத்தில் ஓகே அமுக்கிவிட்டால் பாதி நாளில் முடிகிற வேலை பல நாளாகிவிடும்.

2. செக்டிஸ்க், எஃப்எஸ்செக் இரண்டும் ரிப்பேர் செய்கிறேன் என்று டிஸ்க்கிலேயே எழுதுகிறவை. பைல்களை வெளியே எடுத்து முடிக்கும்வரை அவற்றைத் தொடாதீங்க. நல்லபடியாக முடிந்தால் சரி, முடியாவிட்டால் இருந்ததும் கலைந்துவிடும்.

3. முதலில் கேபிளை மாற்றுங்க. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்க. டிஸ்க் போச்சு என்று நினைத்தது வெறும் கேபிள் கோளாறாக இருந்தால் அந்தச் சந்தோஷமே தனி.

4. விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸ் "படிக்க மட்டும்" என்று திறந்தாலே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸ் பாதித் தூக்கத்தில் மூடியிருந்தாலும் அப்படித்தான் திறக்கும். ஷிப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும், பிறகு சரியாகிவிடும்.

5. கேமரா கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிட்டு ரீடரில் போடுங்க. மைக்ரோ கார்டு என்றால் அடாப்டரில் அந்த லாக் இருக்கும். சில ரீடர்கள் லாக்கை மதிக்காது, அதனால் இதோடு 7-ம் குறிப்பையும் சேர்த்துக்கோங்க.

6. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் பரணில் கிடக்கிறதா? விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டு வந்தவை அதில் உண்டு; சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பழசுதான் என்றாலும் மின்ட் லைவ் பென்டிரைவ் ஒன்றில் பூட் செய்தால் மீட்பு வேலைக்குத் தாராளமாகப் போதும். புது லேப்டாப் வாங்கும் செலவு மிச்சம்.

7. செருகியதும் தானாகத் திறக்கும் வசதியை பைல் மேனேஜர் செட்டிங்கில் முதலில் அணைத்துவிடுங்க, இல்லையென்றால் நீங்கள் தடுப்பதற்குள் எழுதும் அனுமதியோடு திறந்துவிடும். டிஸ்க்கைச் செருகியதும் பிளாக்டெவ் கட்டளையில் செட்ஆர்ஓ போட்டு எழுதும் வழியை அடைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

8. மவுண்ட் செய்யும்போது ஆர்ஓ என்று போட்டால் மட்டும் போதாது. இது பலருக்கும் தெரியாத விஷயம். மளிகைக் கடையில் அவசரத்துக்குச் சிட்டையில் குறித்துவிட்டு ராத்திரி பேரேட்டில் ஏற்றுவது போல, எக்ஸ்ட்4 பைல் சிஸ்டம் மாற்றங்களை முதலில் ஜர்னலில் குறித்துவிட்டுத்தான் உரிய இடத்தில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால் சிட்டையில் பாக்கி நிற்கும். அடுத்த தடவை திறக்கும்போது, ஆர்ஓ போட்டிருந்தாலும்கூட, அந்தப் பாக்கியை டிஸ்க்கில் ஏற்றப் பார்க்கும். அதனால் ஆர்ஓ, ஒரு கமா, நோலோட் என்று சேர்த்துப் போடுங்க. செட்ஆர்ஓ போட்ட டிஸ்க் நோலோட் இல்லாமல் திறக்கவே மறுக்கும், பயப்படாதீங்க. எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோலோடுக்குப் பதில் நோரெக்கவரி. பிடிஆர்எஃப்எஸ் என்றால், புது கெர்னலில், ரெஸ்க்யூ ஈக்வல் டு ஆல். கடைசி நிமிடத்தில் சேமித்த ஒன்றிரண்டு பைல்கள் அரைகுறையாகத் தெரியலாம். மற்றவை கையில் கிடைப்பதே பெரிசு.

9. "சூப்பர்பிளாக் மோசம்" என்று சொல்லி எக்ஸ்ட்4 திறக்க மறுத்தால், அதன் நகல்கள் டிஸ்க்கிலேயே வேறு இடங்களில் இருக்கின்றன. 4 கேபி பிளாக் உள்ள டிஸ்க்கில் முதல் நகல் 32768-ம் பிளாக்கில். மவுண்ட் கட்டளை 1 கேபி கணக்கில் கேட்கும் என்பதால் நாலால் பெருக்கி, எஸ்பி ஈக்வல் டு 131072 என்று கொடுங்க.

10. டிஸ்க் படிக்கும்போது திணறினால் மவுண்ட் எல்லாம் அப்புறம். டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் ஒரே இமேஜ் பைலாக எடுத்துவிடுங்க. மின்ட், உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும், இலவசம்தான். நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில்தான் சுரண்டும். மேப் பைல் பெயரை மறக்காமல் கொடுத்திருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்; நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். 500 ஜிபி டிஸ்க், பழைய யுஎஸ்பி 2 போர்ட், நொடிக்கு 30 எம்பி வேகம் என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்க.

11. அந்த இமேஜுக்குள் இருக்கும் பார்ட்டிஷனைத் திறக்க, எஃப்டிஸ்க்கின் பட்டியலில் அது தொடங்கும் செக்டர் எண்ணைப் பாருங்க. பெரும்பாலும் 2048 என்று இருக்கும். 512-ஆல் பெருக்கினால் 1048576. மவுண்ட் கட்டளையில் ஆர்ஓ, லூப்போடு இதை ஆஃப்செட்டாகக் கொடுத்தால் திறந்துவிடும், கெட்ட டிஸ்க்குக்கு ஓய்வு.

12. திறந்ததும் சினிமா, பாட்டு பக்கம் போகாதீங்க, அதெல்லாம் மறுபடி கிடைக்கும். கணக்குப் பைல், பத்திர ஸ்கேன், தறி டிசைன் போன்ற சின்னப் பைல்களை முதலில் எடுங்க. அடுத்து போட்டோ, கடைசியில் வீடியோ.

13. மீட்டதை அதே டிஸ்க்கில் ஒருபோதும் சேமிக்காதீங்க. கைவசம் டிஸ்க் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒருநாள் இரவல் வாங்கிக்கலாம்.

14. எப்படியும் மவுண்ட் ஆகவில்லையா? போட்டோரெக் இருக்கிறது. அட்டவணையைப் பார்க்காமல் பைலின் உருவத்தை வைத்தே தேடி எடுக்கும். பழைய பெயர்கள் போய்விடும், ஆனால் காதுகுத்து போட்டோ கிடைத்தால் பெயர் போனால் என்ன! பார்ட்டிஷனே காணாமல் போயிருந்தால், கூடவே வரும் டெஸ்ட்டிஸ்க் தேடிக் காட்டும்.

15. டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே கரண்டை நிறுத்துங்க. ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மீட்புக் கடைக்காரரிடம் கொடுப்பதுதான் சிக்கனம். நாம் ஓட்ட ஓட்ட அவருக்கும் கஷ்டம், நமக்கும் கூலி கூடும்.

16. கோழிப்பண்ணை கேமராவின் டிவிஆர் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் "இனிஷியலைஸ்" கேட்கும். பல டிவிஆர்கள் தங்களுக்கென்று தனி முறையில்தான் எழுதும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே டிவிஆரில் மாட்டி பேக்கப் மெனு வழியாகவே எடுங்க.

17. போனின் உள் சேமிப்பாக மாற்றிய மெமரி கார்டு வேறு எதிலும் திறக்காது, அதன் சாவி போனுக்குள்ளேதான் இருக்கிறது. கார்டில் உள்ளதை எடுப்பதற்கு முன் அந்தப் போனை ரீசெட் செய்துவிடாதீங்க.

18. எஸ்எஸ்டியில் தவறி அழித்ததை மீட்க வேண்டுமா? உடனே மெஷினை அணைத்து லைவ் பென்டிரைவில் பூட் செய்யுங்க. டிரிம் ஓடிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது.

19. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டு திடீரென்று எதையும் எழுத மறுக்கிறதா? ஆயுள் முடிகிற கார்டுகள் சில இப்படித்தான் தாமே பூட்டிக்கொள்ளும். படிக்க முடிகிற அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தக் கார்டைக் குழந்தைகள் பாட்டுக் கேட்கக்கூடக் கொடுக்காதீங்க.

20. எடுத்து முடித்ததும் சின்னப் படங்களைப் பார்த்துத் திருப்திப்படாதீங்க. சின்னப் படம் தெரிந்தும் பெரிய படம் பாதி சாம்பலாக இருக்கும் பைல்கள் உண்டு. பத்துப் பதினைந்து போட்டோவை முழுசாகத் திறந்து, எக்செல் கணக்கின் கடைசித் தேதிவரை உருட்டிப் பாருங்க. விடுபட்டது தெரிந்தால், இமேஜுக்கு இன்னொரு நகல் போட்டு அந்த நகலில் மட்டும் எஃப்எஸ்செக் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பார்த்துச் சொன்ன பிறகுதான் பழைய டிஸ்க்கை பார்மட் செய்யணும்.