ஆபரேஷன் கோளாறா? முதல்ல கேஸ் ஷீட்டை வாங்கு கண்ணு

ஆபரேஷன் சரியாகலைன்னா ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம் கூட்டத்தான் முதல்ல தோணும். வேண்டாம் கண்ணு. ஒரு கண்ணாடி உடைஞ்சாலும், ஆஸ்பத்திரியைத் தாக்குறதைத் தடுக்கிற 2008-ஆம் வருஷச் சட்டத்துல ஜாமீன் இல்லாம உள்ள போறது நம்ம வீட்டு ஆளுதான்.

கேஸ் ஷீட் நகலை எழுத்துல கேளு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் எழுதுற சார்ட் எல்லாம் கேஸ் ஷீட்லதான் இருக்கும். கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவக் கவுன்சில் விதி. மனு கொடுத்ததுக்கு சீல் போட்ட நகல் வாங்கிக்கோ.

கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் அதுல சம்மதப் படிவத்தை நிதானமாப் படி. டெல்லியில ஒரு பெண் பரிசோதனைக்குன்னுதான் கையெழுத்துப் போட்டாங்க. மயக்கத்துல இருக்கும்போது வெளியில இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. விவரம் தெரிஞ்ச பெண்ணுக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாதப்போ அம்மா சம்மதம் செல்லாதுன்னு 2008-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. டாக்டருக்கு ஆபரேஷன் ஃபீஸ் கிடையாது, அதுக்கு மேல அந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு. (அத்தனை வருஷ அலைச்சலுக்கு அவ்வளவுதானான்னு எனக்கும் ஆத்திரம்தான்.) மாமியாரும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டாச் சரின்னு இருக்கிற நம்ம பக்கத்துக்கு இது தெரியணும்.

ஆபரேஷன் பலிக்கலைங்கிறதே கேஸ் ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு செஞ்ச பிறகும் குழந்தை பிறந்த வழக்குல, நூறு சதவீதம்னு டாக்டர் உறுதி கொடுத்திருந்தாத்தான் ஒப்பந்தத்தை மீறினதாகும்னு 2005-ல தீர்ப்பு. அதனால அதே துறை டாக்டர் இன்னொருத்தர்கிட்ட காட்டி, தப்பு எங்கேன்னு எழுதி வாங்கப் பாரு. வாயால சொல்றவங்க எழுதித் தரத் தயங்குவாங்க, விடாதே.

கோயம்புத்தூர்ல ஆபரேஷன் நடந்திருந்தாலும், அயோத்தியாப்பட்டணத்துல குடியிருக்கிற நீ சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே மனு போடலாம். 2019-ஆம் வருஷச் சட்டம் அதுக்கு வழி விட்டிருக்கு. கெடு 2 வருஷம். ஆஸ்பத்திரிக்குக் கட்டினது 5 லட்சம் வரைக்கும்னா மனுக் கட்டணமே இல்லை. பில்லுங்களைப் பத்திரமா வை.

எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரின்னா நுகர்வோர் ஆணையம் எடுக்காது, சிவில் கோர்ட்தான். வக்கீலுக்குப் பணமில்லையேன்னு உட்கார்ந்திடாதே. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க.